வயிற்று ஆபரேஷனுக்கு முன்பு எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? மஞ்சள், பூண்டு, மீன் எண்ணெய் பற்றியும் சொல்லுங்கள்

பீனிக்ஸ்_மீனா
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எனக்கு டம்மி டக் ஆபரேஷன், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை எடுத்து இறுக்கித் தைப்பது. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் பிரிந்துவிட்டது, தோலும் தொங்குகிறது. மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, ஒரு ரேண்ட் கூடத் தராது, எல்லாம் சேமிப்புப் பணம். அதனால் ஒழுங்காக ஆறி வரவேண்டும் என்ற பயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

சர்ஜன் கொடுத்த தாளில் "மூலிகைப் பொருட்கள் அனைத்தையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தவும்" என்று ஒரே வரிதான். எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் எது மூலிகை, எது சாப்பாடு என்றே தெரியவில்லை. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், தூக்கத்துக்கு அஸ்வகந்தா, அண்ணி கொடுத்த ஸ்லிம்மிங் டீ. ஆபரேஷனுக்குள் இன்னும் மூன்று கிலோ குறைக்கலாம் என்றுதான் அந்த டீ. அப்புறம் கொலாஜன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன், ஆபரேஷன் முடிந்ததும் குடிக்க. என் மாமியார் ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார். பத்தியக் குழம்பாம்.

எதை நிறுத்த, எதை வைத்துக்கொள்ள?

சாட்ஸ்வொர்த்_ஆயா
மகளே, பயப்படாதே. எனக்கு நாலு பிரசவம். ஒவ்வொன்றுக்கும் என் அம்மா பூண்டும் மிளகும் போட்டு ரசம், சுக்குத் தண்ணி, மஞ்சள் பால் கொடுத்தாள். நான் இன்னும் உயிரோடு உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். தையல் போட்ட இடத்தில் மஞ்சளை அரைத்துப் பூசினால் சீழ் பிடிக்காது. மாமியார் சொல்வதைக் கேள்.

தியேட்டர்_சிஸ்டர்
ஆயா, ரசம் வரைக்கும் உங்கள் கட்சி. மஞ்சள் பூசுவதில் மட்டும் இல்லை. டம்மி டக் தையல் இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை போகும். பக்கத்தில் டிரெயின் குழாய் இருக்கும். அதன் மேல் சமையலறை அம்மியில் அரைத்த எதையும் வைக்கக் கூடாது. டிரஸ்ஸிங் நனையக் கூடாது, அவ்வளவுதான். மஞ்சள் கறை படிந்தால் தோல் சிவந்திருக்கிறதா, கிருமி தொற்றியிருக்கிறதா என்று எங்களுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

மீனா, நான் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் பட்டியலில் நான் முதலில் தூக்கிப் போடச் சொல்வது அந்த ஸ்லிம்மிங் டீயைத்தான். இன்றைக்கே. பல ஸ்லிம்மிங் டீக்களில் சென்னா இருக்கும், அதாவது நம் ஊர் நிலாவரை. வயிற்றுப்போக்கில் உடம்பின் தண்ணீரும் பொட்டாசியமும் போகும். பொட்டாசியம் குறைந்தால் மயக்கத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நீங்கள் குறைக்க நினைக்கும் மூன்று கிலோவில் கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மருந்துக்கடைக்காரன்
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லேபிளில் இலை, பூ என்று மட்டும் போட்டு உள்ளே சிபுட்ரமின் கலந்த எடைக்குறைப்புப் பொருட்கள் உலகம் முழுக்க மாட்டியிருக்கின்றன. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. ரத்த அழுத்தத்தை ஏற்றும். அண்ணி எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். வாட்ஸாப்பில் ஆர்டர் செய்தது என்றால் நேராகக் குப்பைத்தொட்டி.

இங்கே டப்பாக்களில் சிறிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இது பதிவுபெறாத மருந்து, இதன் தரம், பாதுகாப்பு, பயன் எதையும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான சாப்ரா மதிப்பிடவில்லை என்று. யாரும் படிப்பதில்லை. பெரிய கடை அலமாரியில் இருப்பதால் யாரோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

மற்றவற்றுக்கு வருகிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் இப்போது கடை பிஸி, இரவு எழுதுகிறேன்.

சித்தம்_நல்லது
இதுதான் பிரச்சனை. ரசாயன மருந்து விற்பவர்கள் இயற்கை மருந்தைக் கண்டாலே பயமுறுத்துவார்கள். நம் முன்னோர் ஆயிரக்கணக்கான வருடம் பூண்டும் மஞ்சளும் தின்று வளர்ந்தவர்கள். இயற்கையானது உடம்புக்குத் தீங்கு செய்யாது.

தியேட்டர்_சிஸ்டர்
எட்டிக்கொட்டையும் இயற்கைதான் அண்ணா. கொஞ்சம் யோசியுங்கள், சித்த வைத்தியத்தில் மருந்து கொடுத்தால் கூடவே பத்தியம் சொல்வார்கள் இல்லையா? புளி வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம் என்று. ஒன்றோடு ஒன்று மோதும் என்று தெரிந்துதானே சொன்னார்கள்? மயக்க மருந்து டாக்டர் கேட்பதும் ஒரு பத்தியம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிமதுரத்தைத் தொண்டைக்கு நல்லது என்று மாதக்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதை அதிமதுரத்தின் மேல் கோபத்தில் சொல்லவில்லை.

லெனேசியா_கார்த்திக்
போன வருடம் எனக்கு மார்புக் கொழுப்பு எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆண்களுக்கும் உண்டு, சிரிக்காதீர்கள். என் சர்ஜன் மீன் எண்ணெய் ரத்தத்தை இளக்கும் என்று முதல் ஆளாக அதைத்தான் நிறுத்தச் சொன்னார். ஜிம்மில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தசைக்காக ஜிம்மில் எடுக்கும் கிரியேட்டின் பவுடர் பற்றி யாரும் கேட்கவில்லை. அது பரவாயில்லையா?

மருந்துக்கடைக்காரன்
கடையை மூடிவிட்டேன், இப்போது நிதானமாக எழுதலாம்.

முதலில் அந்த "இரண்டு வாரம்" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ஏழிலிருந்து பத்து நாள் வரைதான் வாழும். ஆஸ்பிரின் போன்ற சில பொருட்கள் ஒரு தட்டணுவைக் கெடுத்தால் அது சாகும்வரை கெட்டதுதான். புதிய தட்டணுக்கள் வந்து சேரவேண்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள். மேலே கொஞ்சம் பாதுகாப்பு வைத்து இரண்டு வாரம் என்று எழுதிவிடுகிறார்கள்.

பூண்டு: அதில் உண்டாகும் அஜோயீன் என்ற பொருள் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். பூண்டு மிக அதிகமாகச் சாப்பிட்டுவந்த 87 வயதுக்காரர் ஒருவருக்கு முதுகுத்தண்டுக்குள் தானாகவே ரத்தம் கசிந்ததாக 1990-இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. ஒரு ஆளின் கதையை வைத்து எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் முகத்திலோ வயிற்றிலோ தோலைப் பிரித்துத் தைக்கும் ஆபரேஷனில் தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கினால் மறுபடி தியேட்டருக்குப் போகவேண்டி வரலாம். ஒரு கேப்சூலுக்காக அதற்குத் துணிய வேண்டாம். குழம்பில் நாலைந்து பல் போடுவது வேறு, சாறெடுத்து இறுக்கிய கேப்சூல் வேறு. கேப்சூலை நிறுத்துங்கள். குழம்பு தொடரலாம், மாமியாரின் கை அளவைக் கொஞ்சம் குறைத்து.

மஞ்சள்: இதே கதைதான். சமையல் மஞ்சள் குடலில் அவ்வளவாக ஏறாது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் மஞ்சளின் சத்தான குர்குமின் ரத்தத்தில் ஏறுவது 2000 சதவீதம் கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வில் கண்டார்கள். கம்பெனிகள் அதைப் பெருமையாகப் பெட்டியில் போடுகின்றன. எனக்கு அதுதான் எச்சரிக்கையாகத் தெரிகிறது. பைப்பரின் மஞ்சளை மட்டும் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்காது, வேறு சில மருந்துகளின் அளவையும் ஏற்றும். இந்த வகைக் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. நிறுத்துங்கள். சாம்பாரில் போடும் மஞ்சளைத் தொட வேண்டாம்.

மீன் எண்ணெய்: இங்கே கார்த்திக்கின் ஜிம் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதய ஆபரேஷன் செய்துகொண்ட 1516 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு கூடவில்லை. ரத்தத்தை இளக்கும் என்ற பேச்சு பலமாக இருக்கும் அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை. இருந்தாலும் உங்கள் சர்ஜன் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரம் மீன் எண்ணெய் இல்லாவிட்டால் எதுவும் குடிமுழுகாது. கத்தியைப் பிடிப்பவரோடு இதற்காக வாதாட வேண்டாம்.

வைட்டமின் ஈ: 400 யூனிட்டும் அதற்கு மேலும் உள்ள கேப்சூல் என்றால் நிறுத்துங்கள்.

அஸ்வகந்தா: தூக்கம் வரவைக்கிறது என்றுதானே குடிக்கிறீர்கள்? மயக்க மருந்தும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர வேண்டாம். தைராய்டு அளவையும் மாற்றக்கூடியது.

கார்த்திக், கிரியேட்டின் எடுத்தால் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடிக் காட்டலாம். சிறுநீரகம் பழுது என்று டாக்டர் குழம்புவார். சொல்லிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது.

லெனேசியா_கார்த்திக்
அடடா, என் சர்ஜன் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தது இப்போதுதான் புரிகிறது. நன்றி அண்ணா.

தியேட்டர்_சிஸ்டர்
பட்டியலில் இல்லாததைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் எங்களைக் கவிழ்ப்பது அதுதான்.

ஒரு அம்மா, கண் இமைத் தோல் எடுக்க வந்தார். படிவத்தில் "மருந்து எதுவும் இல்லை", "மூலிகை எதுவும் இல்லை" என்று அழகாகக் கோடு போட்டிருந்தார். கவுன் மாற்றி, கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருக்கிறேன். முழங்கைக்குக் கீழே நீல நீலமாகத் தடம். "எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா?" என்றேன். "இல்லை சிஸ்டர், எனக்கு எப்பவும் இப்படித்தான், தொட்டாலே நீலம்." பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி, ஜெபமாலை, மடித்த தாளில் கிராண்ட்பா பொடி நாலு. தினமும் காலையில் டீயோடு ஒன்று. பல வருடப் பழக்கம். அவருக்கு அது மருந்தே இல்லை, சர்க்கரை மாதிரி.

கிராண்ட்பாவில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். இமைக்குள் ரத்தம் கசிந்து கண்ணுக்குப் பின்னால் தேங்கினால் பார்வையே போகலாம். டாக்டர் அன்றைக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அந்த அம்மாவுக்கு என் மேல் சரியான கோபம், மகள் லீவு போட்டு வந்திருந்தாள்.

அதனால் மீனா, தலைவலிப் பொடி, டிஸ்பிரின், மாதவிடாய் வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், மூட்டு வலிக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த டெவில்ஸ் கிளா, ஞாபக சக்திக்கு ஜிங்கோ, மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மார்க்கெட்டில் வாங்கிய இம்பிசா என்ற ஜூலு மூலிகைக் கஷாய பாட்டில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைக் குறிப்பாக. ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு டிரமடால் கொடுப்பது இங்கே சகஜம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு நடுங்கி, ஜுரம் ஏறி, பெரிய அவஸ்தை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர், சர்க்கரை, மனநல மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டுத்தான். எடை குறைக்கும் வார ஊசி போடுகிறவர்களும் சொல்லவேண்டும். வயிறு காலியாக நேரமாகும், மயக்கத்தில் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து.

அலமாரியை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_ஆயா
கிராண்ட்பாவில் ஆஸ்பிரினா? என் பையிலும் இரண்டு இருக்கிறது. எங்கள் பெரிப்பா அதைக் கோக்கில் போட்டுக் குடிப்பார்.

கேப்டவுன்_கவி
ஆபரேஷனுக்குப் பின் என்ன என்று யாரும் சொல்லவில்லையே. நான் இமை ஆபரேஷன் செய்தபோது ஆர்னிகா உருண்டைகள் எடுத்தேன், அன்னாசி நிறையச் சாப்பிட்டேன், தையல் பிரித்ததும் வைட்டமின் ஈ கேப்சூலைக் குத்தித் தழும்பில் தடவினேன். பதினைந்து நாளில் நீலமெல்லாம் போய்விட்டது. எல்லாரும் அசந்துவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரன்
வாழ்த்துகள் கவி. ஆனால் இமையின் நீலம் எதுவும் சாப்பிடாதவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும்.

ஆர்னிகா உருண்டை ஹோமியோபதி வகை, செடிச் சத்தே அநேகமாக இருக்காது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண். தீங்கும் பெரிதாக இல்லை. ஆனால் ஆர்னிகாச் செடியையே கஷாயமாகவோ சொட்டாகவோ குடிக்கக் கூடாது, அது விஷம். ஆர்னிகா ஜெல்லைத் திறந்த புண்ணில் தடவவும் கூடாது.

அன்னாசியின் புரோமலைன் என்ற என்சைம் பெரும்பாலும் தண்டில்தான் இருக்கிறது. நாம் வெட்டித் தூக்கிப்போடும் பகுதி. ஷ்லுஷ்லுவே ஊரில் விளையும் அன்னாசியை ருசிக்காகச் சாப்பிடுங்கள், அதற்குக் காரணம் தேட வேண்டாம். புரோமலைன் மாத்திரை என்றால் அதுவும் தட்டணுவைத் தொடும், டாக்டரைக் கேட்டுத்தான்.

வைட்டமின் ஈயைத் தழும்பில் தடவுவது பற்றி 1999-இல் மயாமியில் ஒரு சிறிய ஆய்வு. பெரும்பாலானவர்களுக்குத் தழும்பு மாறவில்லை அல்லது மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோல் அரித்துச் சிவந்தது. நம் தோலுக்குத் தழும்பு தடித்து வளரும் கீலாய்டு சுபாவம் வேறு அதிகம். புண் முழுக்க மூடியபின் சிலிக்கான் ஷீட், தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். அதற்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம். டர்பன் வெயிலில் தழும்பைக் காட்டாதீர்கள், கறுத்துப்போகும்.

பீனிக்ஸ்_மீனா
எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொல்வது. இன்னொரு சிக்கல். ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன் என்றால், ஆறி வரும் நேரத்தில் புரட்டாசி. எங்கள் வீட்டில் முட்டை கூட வராது. சர்ஜன் புரோட்டீன் நிறையச் சாப்பிடச் சொல்கிறார். அதற்குத்தான் கொலாஜன் வாங்கினேன்.

லெனேசியா_கார்த்திக்
அக்கா, டப்பாவின் பின்பக்கம் படித்தீர்களா? கொலாஜன் பவுடர் பெரும்பாலும் மாட்டுத் தோலில் எடுப்பது. இல்லையென்றால் மீன். புரட்டாசியில் அதைக் குடித்துவிட்டு முட்டையை ஒதுக்கினால் பெருமாள் சிரிப்பார். மீன் எண்ணெய்க் கேப்சூலின் ஓடும் ஜெலட்டின்தான், பெரும்பாலும் மாடு அல்லது பன்றி.

பீனிக்ஸ்_மீனா
ஐயோ. மாமியாருக்குத் தெரிந்தால் டப்பாவோடு என்னையும் வெளியே வைப்பார்.

மருந்துக்கடைக்காரன்
மதத்தை விடுங்கள், கொலாஜன் குடித்தால் அது அப்படியே போய் வயிற்றுத் தையலில் உட்காராது. குடல் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமே அதில் கிடையாது. அந்தப் பணத்தில் பருப்பும் பன்னீரும் வாங்கலாம்.

கணக்கு இதுதான்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2-இலிருந்து 1.5 கிராம் வரை புரோட்டீன். 70 கிலோ என்றால் நாளுக்கு 84-இலிருந்து 105 கிராம். வேகவைத்த பருப்பு ஒரு கப் 18 கிராம். பன்னீர் 100 கிராமில் ஏறக்குறைய அதே அளவு. உலர்ந்த சோயா மின்ஸ் 50 கிராமில் 25. மிச்சத்துக்குத் தயிர், அமாசி என்ற புளித்த பால், சுகர் பீன்ஸ் கறி. பால் சேரும் என்றால் வே பவுடர் ஒரு கரண்டி. சோறும் உருளைக்கிழங்குக் கறியும் மட்டும் சாப்பிட்டுப் புரட்டாசி பிடிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

வைட்டமின் சி இல்லாமல் உடம்பு கொலாஜன் நெய்யாது, உண்மை. அதற்குத் தினமும் ஒன்றிரண்டு கொய்யாப்பழம் போதும், ஆரஞ்சை விட அதில் அதிகம். துத்தநாகம் குறைவாக இருந்தால் மட்டும் மாத்திரை. மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் செம்பு குறையும். இரும்புச் சத்து முக்கியம். ஹீமோகுளோபினை இப்போதே பாருங்கள், ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மாத்திரை போட்டால் டீயோடு போடாதீர்கள்.

தியேட்டர்_சிஸ்டர்
அண்ணா சொன்ன இரும்பு மாத்திரையும், வலிக்குக் கொடுக்கும் டிரமடால், கோடீனும் மலச்சிக்கல் தரும். புதிதாகத் தைத்த வயிற்றோடு முக்குவது என்னவென்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். தண்ணீர், பப்பாளி, ஊறவைத்த உலர்ந்த பிளம்ஸ். தேவைப்பட்டால் மலம் இளக்க டாக்டரிடமே கேளுங்கள், அண்ணியின் டீக்குத் திரும்பாதீர்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்துவிட்டதே என்று மறுநாளே பழைய கேப்சூல்களைத் தொடங்குவார்கள். டம்மி டக்குக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டாமலிருக்கச் சிலருக்கு வயிற்றில் ஊசி போடுவார்கள். அது ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து. அதன் மேல் பூண்டு கேப்சூல், ஜிங்கோ, டெவில்ஸ் கிளா எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எப்போது திரும்பத் தொடங்கலாம் என்ற தேதியைச் சர்ஜனிடம் எழுதி வாங்குங்கள். முன்பக்கத் தேதியை எல்லாரும் கேட்கிறார்கள், பின்பக்கத் தேதியை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் சிகரெட், ஹப்ளி (ஹுக்கா) உண்டா? நாலு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். நிகோட்டின் தோலுக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கும், தொப்புளுக்குக் கீழே தோல் கறுத்து அழுகலாம். இங்கே பேசிய மாத்திரை எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

சித்தம்_நல்லது
சரி, ஒத்துக்கொள்கிறேன், கேப்சூல் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் முருங்கைக்கீரையையாவது விட்டுவையுங்கள்.

மருந்துக்கடைக்காரன்
முருங்கைக்கீரைப் பொரியலுக்கு யாரும் தடை போடவில்லை அண்ணா. பொடியாக்கிக் கரண்டி கரண்டியாகக் குடிப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லட்டும். சர்க்கரையைக் குறைக்கும்.

பீனிக்ஸ்_மீனா
மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் அலமாரிப் படத்தைக் காட்டியதும் பெரிதாக்கி ஒவ்வொரு டப்பாவாகப் படித்தார். மஞ்சள், வைட்டமின் ஈ, அஸ்வகந்தா இரண்டு வாரம் முன்பே நிறுத்தம். மீன் எண்ணெய் "உங்கள் சர்ஜன் ஆசைப்பட்டால்" என்று சிரித்தார். டீயை எப்போது கடைசியாகக் குடித்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டு, பொட்டாசியத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். கேப்சூல்களைத் திரும்பத் தொடங்குவது ஊசி நின்று, சர்ஜன் மறுபடி பார்த்தபின் என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஹீமோகுளோபின் 10.4. அதனால் இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று, 12-க்கு வராவிட்டால் தேதி தள்ளும் என்கிறார். தள்ளினால் தீபாவளிக்குப் பிறகுதான். அப்படியானால் புரட்டாசிப் பிரச்சனையே இல்லை.

உரித்த பூண்டை மாமியார் ஊறுகாய் போட்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பால் டீ குடிக்கலாமா? பத்து மணிக்குத்தான் தியேட்டர்.

தியேட்டர்_சிஸ்டர்
கூடாது. பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மஞ்சள் பாலும் அப்படித்தான், ஆயா. பால் இல்லாத ரூய்போஸ் டீ என்றால் இரண்டு மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.